ஐராவதம் வேலைக்குச் சேர்ந்த மார்ச் மாதம்

மார்ச் 9

இந்த டைரி ஒரு சிமெண்ட் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. சனவரி, பிப்ரவரிப் பக்கங்களைப் பால் கணக்கு எழுதியே என் மனைவி பேச்சியம்மாள் நிரப்பிவிட்டாள். ஆகவே உலக வரலாறு இன்று, மார்ச் ஒன்பதாம் தேதி தொடங்குகிறது.

வருங்காலச் சந்ததியினரே! நான் குற்றாலிங்கம். புளியங்குடி ‘குற்றாலிங்கம் பாத்திர வாடகை நிலைய’த்தின் அதிபர். தென்காசி முதல் ராஜபாளையம் வரை எந்தக் கல்யாணத்தில் சாம்பார் கொதித்தாலும் அது என் அண்டாவில்தான் கொதிக்கும். என் பெரிய அண்டாவுக்குள் தவறி விழுந்த ஒரு சமையல்காரர் ஏறி வெளியே வருவதற்குள், அவர் சமைக்க வந்த கல்யாணத்து மாப்பிள்ளைக்கு முதல் பிள்ளை பிறந்துவிட்டது. இதற்குச் சாட்சி உண்டு. அந்தப் பிள்ளையே சாட்சி.

இன்று என் அக்காள் மகள் ஆவுடைச்செல்வி வந்தாள். திருநெல்வேலியில் ஆடிட்டராக இருக்கிறாள். சொந்த மாமா ஆயிற்றே என்று பீசைக் குறைப்பாள் என்று நினைத்தேன். சொந்த மாமா ஆயிற்றே என்று முன்கூட்டியே வாங்கிவிட்டாள்.

“மாமா, இந்த வருசம் லாபம் கூடியிருக்கு. வரியும் கூடத்தான் வரும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கடைக்கு நெசமாவே தேவையான மிஷின் எதும் வாங்கதா இருந்தா வாங்கிருங்க. ஏப்ரல்ல வாங்குனா அது அடுத்த வருசக் கணக்குக்குப் போயிரும்” என்றாள்.

உள்ளேயிருந்து பேச்சியின் குரல் வந்தது. “அண்டா கழுவுத மிஷின் ஒண்ணு கேட்டு மூணு வருசமாவுது. ஏ ஆவுடை, அத ஒங்க மாமா காதுல நல்லா ஊதிட்டுப் போ.”

ஆவுடை ஊதினாள். என் காதில் இரண்டே சொற்கள்தான் விழுந்தன: ‘வாங்கிருங்க’, ‘வரி’.

மார்ச் 10

பேச்சி அண்டா தேய்க்கும்போது முகத்தைச் சுளிக்கிறாள். நான் கவனிக்கவில்லை. வலது மணிக்கட்டில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம் இருப்பதும் எனக்குத் தெரியாது. தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் வெளியே செருப்பு விடும் இடத்தில்தான் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

நாளை மறுநாள் மதுரைக்குப் போகிறேன். கழுவும் மிஷின் வாங்க.

மார்ச் 12

மதுரை. சரித்திரம் என் தோளில் கை போட்ட நாள்.

கழுவும் மிஷின் கடைக்குப் போகும் வழியில் கல்யாண அலங்காரச் சாமான் கிட்டங்கி ஒன்று இருந்தது. நிழலுக்கு ஒதுங்கினேன். உள்ளே ஒரு யானை நின்றது. உயிருள்ள யானை அல்ல. உயிருள்ள யானைக்கு அந்த அழகு வராது. ரப்பர் தோல், ஆடும் காது, சிமிட்டும் கண். வயிற்றுக்குள் பன்னீர்த் தொட்டி, அடியில் சக்கரம். ரிமோட்டில் பொத்தானை அமுக்கினால் தும்பிக்கையைத் தூக்கி வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிக்கும். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். எங்களுக்குள் ஏழு பிறவியாகத் தொடர்பு இருப்பது அந்த நிமிடமே உறுதியாயிற்று.

“மூணு இருவது, அண்ணே” என்றான் கடைக்காரன்.

“மூணாயிரத்து இருநூறா?”

“மூணு லட்சத்து இருவதாயிரம்.”

வேறு யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பார்கள். நான் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு கணக்குப் போட்டேன். மூன்று லட்சத்து இருபதாயிரத்தையும் செலவு என்று எழுதினால் லாபம் அப்படியே மறைந்துபோகும். லாபம் இல்லையென்றால் வரி இல்லை. அப்படியானால் யானையின் விலையை அரசாங்கமே கொடுக்கிறது. நான் வெறும் கையெழுத்துப் போடுகிறேன். இந்த உத்தி இதுவரை எந்த முதலாளிக்கும் தோன்றாதது வியப்புதான்.

கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் செல்போனில் அனுப்பினேன். யானைக்கு ஐராவதம் என்று பெயரிட்டேன்.

கழுவும் மிஷின் கடை பூட்டியிருந்தது. பூட்டியிருந்திருக்கும். நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

மார்ச் 13

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்க்கிறேன்.

மார்ச் 14

இன்று அஷ்டமி.

மார்ச் 15

நவமி. அப்படித்தான் இருக்க வேண்டும். காலண்டரைப் பார்க்கவில்லை.

மார்ச் 17

ஐராவதம் லாரியில் வந்து இறங்கியது. தெருவே திரண்டது. எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் நின்றுபோனது. கூட்டம் ஒரு லட்சம் இருக்கும். கடைசி வீட்டுக்காரர் வீட்டில் இல்லாததால் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேச்சி அண்டாவிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“கழுவுத மிஷின் எங்க?”

“இது அதைவிடப் பெருசு பேச்சி.”

“பெருசுதான், தெரியுது. கழுவுமா?”

“பன்னீர் தெளிக்கும்.”

அவள் ஐராவதத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். பின்னால் போனதும் வாலைத் தூக்கிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

“எவ்வளவு?”

சொன்னேன்.

மதியம் ரசத்தில் உப்பு இல்லை. மோரிலும் இல்லை. ஊறுகாயிலிருந்தே உப்பை எடுத்துவிட்டாள் என்றால் எப்படிச் செய்தாள் என்று விஞ்ஞானிகள்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 18

பேச்சி போன் போட்டு ஆவுடையை வரவழைத்துவிட்டாள். பிள்ளை வாசலில் ஐராவதத்தைக் கண்டதும் பையைக் கீழே வைத்தாள்.

“மாமா, தேவையான மிஷின்னுதானே சொன்னேன்?”

“தேவை என்பது மனசைப் பொறுத்தது தாயி.”

“சரி. பில்லக் காட்டுங்க.” பில்லைப் பார்த்தாள். கால்குலேட்டரைத் தட்டினாள். “மாமா, மிஷின் வாங்குனா அந்தப் பணத்த ஒரே வருசத்துல செலவா எழுத முடியாது. அது நெறைய வருசம் ஒழைக்கும்லா? அதனால ஒவ்வொரு வருசமும் தேய்மானம்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழிக்கணும். நூத்துக்குப் பதினஞ்சு. அதுலயும் நீங்க வருசக் கடைசில வாங்கியிருக்கிய, பாதிதான் கெடைக்கும். இருவத்தி நாலாயிரம்.”

“அரசாங்கம் இருவத்தி நாலாயிரம் குடுக்குதா? கொறைச்சல்தான், இருந்தாலும்...”

“இல்ல மாமா. இருவத்தி நாலாயிரத்த லாபத்துல கழிக்கலாம். ஒங்களுக்கு வரி கொறையது நாலாயிரத்து எண்ணூறு ரூவா.”

சுவரில் பல்லி ‘உச்’ கொட்டியது. அதற்கும் கணக்குத் தெரிந்திருக்கிறது.

“மூணே கால் லட்சத்துக்குப் பொம்ம வாங்கி நாலாயிரத்து எண்ணூறு மிச்சம் பிடிச்சிருக்காவ, எங்க வீட்டு மகாராசா” என்றாள் பேச்சி. ஒரு நாள் மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் வாக்கியம் இது.

“அந்த நாலாயிரத்து எண்ணூறும் சும்மா வராது அத்தை” என்றாள் ஆவுடை. “முப்பத்தொண்ணுக்குள்ள யானை கடைக்காக ஒரு வேலையாவது செஞ்சிருக்கணும். வாங்கி நிறுத்துனா மட்டும் போதாது. வேலையே செய்யாத மிஷினுக்குத் தேய்மானம் போட்டு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். மாமான்னாலும் சரி.”

பேச்சி உடனே மதுரைக்காரனுக்குப் போன் போட்டாள். அவன் பயந்துபோய், மார்ச் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டான். அவனும் குடும்பஸ்தன்தான், பாவம்.

“கேட்டுக்கோங்க” என்றாள் என்னிடம். “முப்பத்தொண்ணாம் தேதி பொழுது அடையதுக்குள்ள இது இந்தக் கடைக்கு ஒரு வேலை செய்யணும். இல்லன்னா லாரில ஏத்திருவேன். வார பாதிப் பணத்துல எனக்குக் கழுவுத மிஷின்.”

ஐராவதம் கண்ணைச் சிமிட்டியது. நான் அப்போது பொத்தானை அமுக்கவில்லை.

மார்ச் 20

பங்குனியின் இந்தப் பகுதியில் முகூர்த்தமே இல்லை. அடுத்தது ஏப்ரல் முதல் தேதி. முகூர்த்தம் குறிக்கிறவர்களுக்கு வருமான வரியைப் பற்றிய அக்கறை கொஞ்சமும் கிடையாது.

ஆகவே கல்யாணம் அல்லாத விசேஷங்களைத் தேடி நாலா திசையும் புறப்பட்டேன். மேலத் தெருவில் பிள்ளை பெரியவளான ஒரு சடங்கு வீடு. பிள்ளையின் அப்பாவிடம் பாதி வாடகை என்றேன். இலவசம் என்று சொல்ல வாயெடுக்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பிள்ளையே வந்தாள்.

“யானை வந்துச்சுன்னா நான் இந்த ரூம விட்டு வெளிய வர மாட்டேன். ஸ்கூல்ல என் மானம் போயிரும்.”

கதவு சாத்தப்பட்டது. வீட்டில் ஐராவதத்தின் காது தொங்கிவிட்டது. காதுக்கும் கண்ணுக்கும் மட்டும் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது.

மார்ச் 22

ஓய்வு பெறும் போஸ்ட் மாஸ்டர் வீட்டில் கேட்டேன். “முப்பத்தஞ்சு வருசமா லெட்டர் சொமந்தவன வழியனுப்ப யானையா? ஏன், நான் நடந்து போவ மாட்டேனா?” என்றார். பெருந்தன்மை இல்லாத மனிதர்.

மார்ச் 25

வெற்றி! வெற்றிக்கு மிக அருகில்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை திறப்பு விழா. கடைக்காரர் ஒத்துக்கொண்டார். ஐராவதத்தை ஜரிகைத் துணி போர்த்தி இழுத்துப் போனோம். வாசலில் நிறுத்தி வயரைச் சொருகினேன். பன்னீர் நிரப்பினேன். கடைக்காரரின் மாமியார் பக்தி முற்றி, தும்பிக்கைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஒவ்வொன்றாகத் திணித்தார்.

சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கினார். நான் பொத்தானை அமுக்கினேன்.

கரண்ட் போனது.

பராமரிப்புப் பணியாம். மாலை வரை வராதாம். சிறப்பு விருந்தினர் ஐராவதத்தின் தும்பிக்கையில் தன் குடையைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனார்.

“வேல செய்யாததுக்கு நான் எதுக்கு வாடகை தரணும்?” என்றார் கடைக்காரர்.

ஆவுடைக்குப் போன் போட்டேன். “குடை மாட்டுனது கணக்கில்ல மாமா” என்றாள்.

“குடையும் ஒரு சுமைதானே தாயி?”

“ஆணியும் கூடத்தான் குடை தூக்கும். போன வைங்க.”

மார்ச் 26

வாழைப்பழம் உள்ளே போய்ச் சிக்கியது தெரியாமல் நான் ஓட்டிச் சோதித்துப் பார்க்க, மோட்டார் புகைந்து போய்விட்டது. ஐராவதத்தின் தும்பிக்கைக்குள் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தபோது பேச்சி பார்த்துவிட்டாள். பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிக்கும்போது வலது கையால் வாயை மூட மாட்டேன் என்கிறாள், இடது கையால் மூடுகிறாள். கவனிக்கவில்லை.

மார்ச் 27

நாகூர்கனி வந்தான். மெயின் ரோட்டில் லாரிக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிறவன். என் பள்ளித் தோழன். என்னை மதிக்காத ஒரே மனிதன். பேச்சியைச் சேர்த்தால் இரண்டு பேர்.

“வே குற்றாலிங்கம், இந்த மோட்டார் அவுட்டு. இது என்ன, ஊதுபத்திக்கு ஊதுத மாதிரி சின்னதா வச்சிருக்கான்? எங்கிட்ட லாரி கழுவுத பழைய பம்பு ஒண்ணு கெடக்கு. போடட்டா?”

“பன்னீர் தெளிக்குமா?”

“தெளிக்கும். யார் மேல தெளிக்கியோ அவன ஆஸ்பத்திரில வச்சுப் பாக்கணும்.”

மறுக்கும் நிலையில் நான் இல்லை. வயிற்றைப் பிரித்து மாட்டினான். தும்பிக்கையைத் தெருப் பக்கம் திருப்பி அமுக்கச் சொன்னான். அமுக்கினேன்.

வாழைப்பழம் வெளியேறியது. வெளியேறியது என்பது சாதாரணச் சொல். இங்கிருந்து கிளம்பி, தெருவைக் கடந்து, எலுமிச்சை லாரியைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போனது. கேரளாவில் ஒருவர் மேல் விழுந்திருக்கும். பின்னாலேயே வந்த தண்ணீர், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சினிமாப் போஸ்டரைக் கிழித்தது, அதற்கு அடியில் இருந்த போன வருசப் போஸ்டரைக் கிழித்தது, அதற்கும் அடியில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டியது.

பேச்சி வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இந்தப் பம்பு எவ்வளவு?” என்று நாகூர்கனியிடம் கேட்டாள்.

“பழசுலா தங்கச்சி. எட்டாயிரம்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேகங்களைப் பார்த்தேன். நல்ல மேகங்கள்.

மார்ச் 29

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாத்திரங்கள் வாடகைக்குப் போயின. கடையில் ஒரு கரண்டி பாக்கியில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலையில் திரும்பிவிடும். அன்று மாலையே கழுவி ஏப்ரல் முதல் தேதிக் கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான்.

மார்ச் 30

பாத்திரம் கழுவும் செல்லத்தாய், மகளுக்குப் பேறுகாலம் என்று சிவகிரிக்குப் போய்விட்டாள். அவளுடைய மதினிதான் இன்னொரு ஆள். அவளும் கூடப் போய்விட்டாள். பிறக்கப் போகிற பிள்ளை ஒரு நாள் பொறுத்திருக்கலாம். நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மதுரை லாரி நாளை மாலை வரும் என்று பேச்சி நினைவூட்டினாள்.

மார்ச் 31

காலை. அண்டாக்கள் வந்து இறங்கின. சந்ததியினரே, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்து, வெல்லம் பாறையாகி, உடைத்து எடுத்தால் வீடு கட்டலாம் போல இருந்தது. ஒரு அண்டாவில் அடியில் கரண்டியே புதைந்திருந்தது. கைப்பிடி மட்டும் உதவி கேட்டு மேலே நீண்டிருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்யாண வீட்டு வண்டி வரும். அதற்குள் அத்தனையும் பளபளக்க வேண்டும். இல்லையென்றால் சாம்பார் இல்லாத கல்யாணம். அதன்பிறகு இந்தத் தாலுகாவில் எவனும் என்னிடம் ஒரு டம்ளர்கூட வாடகைக்கு எடுக்க மாட்டான்.

பேச்சி மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள். மடித்து ஜன்னலில் வைத்தாள். புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு முதல் அண்டாவின் முன் உட்கார்ந்தாள்.

நான் பார்த்தேன். கவனித்தேன் என்றே எழுதிவிடுகிறேன். இது என் டைரி, வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

“எந்திரி” என்றேன்.

“எந்திரிச்சா யாரு தேய்ப்பா? ஒங்க ஐராவதமா?”

நாரைப் பிடுங்கி நானே தேய்த்தேன். பகீரதன் தவம் செய்ததுபோல் அரை மணி நேரம் தேய்த்தேன். உள்ளங்கை அளவு இடம் வெளுத்தது. அது என் உள்ளங்கை, அண்டா அல்ல. தலையை நிமிர்த்தினேன். எதிரே ஐராவதம். அதன் பின்னால் சுண்ணாம்பு சுரண்டப்பட்ட சுவர்.

உலகில் பெரிய எண்ணங்கள் தோன்றும்போது இடி இடிக்குமாம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே குனிந்தபடி ஓடி, எலுமிச்சை மார்க்கெட்டில் விலை போகாத அழுகல் காய் இரண்டு மூட்டை தூக்கி வந்தேன். பிழிந்தேன். வடிகட்டினேன். பன்னீர்த் தொட்டியில் வெந்நீரோடு ஊற்றினேன். அண்டாவைச் சாய்த்து, ஐராவதத்தின் தும்பிக்கையை அதற்குள் விட்டேன்.

“என்ன செய்தீய?” என்று கத்தினாள் பேச்சி.

“வேலைக்குச் சேக்குதேன்!”

பொத்தான்.

அண்டாவுக்குள் புயல் அடித்தது. வெல்லப் பாறை பெயர்ந்து சுழன்று வெளியே பறந்து வந்து என் சட்டையில் ஒட்டியது. ஐராவதம் காதை ஆட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, தும்பிக்கையை மேலும் கீழும் தூக்கித் தூக்கி அடித்தது. மதுரைக்காரன் வரவேற்புக்கென்று வைத்த அசைவு அது. அண்டாவின் அடியிலிருந்து கழுத்துவரை ஒரு இடம் விடாமல் கழுவியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அண்டாவில் நான் இவ்வளவு அழகாக இருப்பது இதுவரை தெரியாது.

பேச்சி எழுந்து வந்தாள். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீங்க அண்டாவச் சாச்சுப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். இந்தப் பக்கம். மனுசன் பிடிக்க பிடியா இது?”

மதியம் ஆவுடை வந்தபோது முக்கால்வாசி அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்ந்து மின்னின. நான் தலையிலிருந்து கால்வரை சர்க்கரைப் பொங்கலாக இருந்தேன். பேச்சி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விரலால் யானையை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, என்ன நடக்கு இங்க?”

“வேல செய்யுது. நீதானே கேட்ட?”

“வாடகைக்குப் போகலியே...”

“வாடகைக்கு விடுத பாத்திரத்தக் கழுவுதது கடை வேல இல்லியா? போன நவராத்திரிக்கு அந்தக் கழுவுத பெண்டுகளுக்குக் குடுத்த சம்பளத்தக் கடைச் செலவுலதானே எழுதுன?”

ஆவுடை யோசித்தாள். செல்போனை எடுத்தாள். ஐராவதம், அண்டா, சுவரிலிருந்த காலண்டர் மூன்றும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தாள். சட்டையில் வெல்லத்தோடு நான் நடுவில் வந்ததால் என்னை ஒதுங்கச் சொல்லி இரண்டாம் முறை எடுத்தாள்.

“கடைக்காக வேல செஞ்சிருக்கு. நான் கையெழுத்துப் போடுதேன்” என்றாள்.

மாலை மதுரை லாரி வந்தது. பேச்சி டிரைவருக்குக் காபி கொடுத்து வெறும் லாரியாகத் திருப்பி அனுப்பினாள். கல்யாண வீட்டு வண்டி நேரத்துக்கு வந்தது. அண்டாக்கள் போயின.

“ஒண்ணு கேக்கேன்” என்றாள் பேச்சி, எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது. “எட்டாயிரம் ரூவாய்க்கு அந்தப் பம்பு மட்டும் வாங்கியிருந்தா போதும்லா? அப்போ யானை எதுக்கு?”

“பம்பு நிக்கதுக்கு” என்றேன்.

ரசத்தில் உப்பு இருந்தது.

ஏப்ரல் 1

கல்யாண வீட்டிலிருந்து போன். சாம்பாரில் லேசாகப் பன்னீர் வாசம் அடித்ததாம். தொட்டியின் மூலையில் கொஞ்சம் தங்கியிருக்கும். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அவர் மகள் கல்யாணத்துக்கும் அதே சாம்பார் வேண்டும் என்கிறாராம். ‘அது எங்கள் குடும்ப ரகசியம்’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆவுடை கணக்கு அனுப்பினாள். ஐராவதத்தின் பெயரை அதில் தேடினேன். இல்லை. கடைசி வரியில் இப்படி இருந்தது: ‘பாத்திரம் கழுவும் இயந்திரம் (யானை வடிவம்) – 1.’

பேச்சி காலையில் ஐராவதத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். இடது கையால் அல்ல, வலது கையால். அந்த வீக்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாதி வற்றியிருக்கிறது.